இணைப்பைத் திருத்திக் கொடுத்தவரைத் தடுத்து வைத்திருப்பது பற்றி

அனுப்புபவர்:
திருமதி மங்களேஸ்வரி சண்முகநாதன்,
மனையியல் ஆசிரியை,
மஹய்யாவ, கண்டி.

பெறுபவர்:
தலைவர் அவர்கள்,
தடுத்து வைத்தல் மீளாய்வுக் குழு,
மத்திய மாகாணம், கண்டி.

விடயம்: ஹந்தானைச் சாரல் மருத்துவப் பரிசோதனை நிலையத்தின் தரவுச் சேர்வர் இணைய மறுத்தமைக்காகத் தடுத்து வைக்கப்பட்டுள்ள எனது கணவர் க. சண்முகநாதனைக் கொழும்புக்கு மாற்றுவதை நிறுத்தி, அவரது விடயத்தை மீள ஆராயக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இதனை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். பயத்தினால் மட்டும் அல்ல. ஒரு மனிதன் பழுதொன்றைத் திருத்திக் கொடுத்தான். அந்தத் திருத்தத்தையே, அவன்தான் பழுதாக்கினான் என்பதற்குச் சாட்சியாக எழுதி வைத்திருக்கிறார்கள். இதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. பணிவு குறைந்த சொல் எங்காவது விழுந்துவிட்டால், அதிர்ச்சியில் இருப்பவள் எழுதியது என்று கருதி மன்னிக்கவும்.

1. எனது கணவர் மேற்படி நிலையத்தின் கணினி உத்தியோகத்தர். தலைமை நிலையம் கண்டி நகரில் உள்ளது. நாவலப்பிட்டியிலும் திகனவிலும் கிளைகள் உண்டு. கிளைகளில் எடுக்கும் இரத்தம் கண்டிக்கு வந்து பரிசோதிக்கப்பட்டு, முடிவுகள் ஒரு பெரிய கணினியில் சேரும். அதைத்தான் சேர்வர் என்கிறார்கள். அதை யாரும் நேரே தொடுவதில்லை. பக்கத்தில் இன்னொரு கணினி இருக்கிறது. அதிலுள்ள நிர்வாகப் பக்கத்தை, நாம் இணையத்தில் செய்தி பார்க்கத் திறப்பதைப் போலத் திறந்தால், அது சேர்வரிடம் கேட்டு முடிவைக் கொண்டுவந்து காட்டும். நான் கணினி படித்தவள் அல்ல. மாணவிகளுக்குத் தையலும் சமையலும் சொல்லிக் கொடுப்பவள். ஆனாலும் இதைப் பாடமாக்கிவிட்டேன். தாங்களும் பொறுமையுடன் வாசிக்கவேண்டும். ஏனென்றால் என் கணவரின் விடுதலை இந்த இரண்டு பெட்டிகளுக்கும் இடையில்தான் கிடக்கிறது.

2. சென்ற மாதத் தொடக்கத்தில் குண்டு வெடித்த பின்னர், நிலைய முகாமைத்துவம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. சேர்வருடன் வெளித்தொடர்பு எதுவும் இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் அடைக்கவேண்டும் என்பது கட்டளை. அதுவரை கட்டடத்துக்குள் எந்தக் கணினி கேட்டாலும் சேர்வர் பதில் சொல்லும். கட்டளைப்படி என் கணவர், நிர்வாகப் பக்கம் உள்ள கணினியின் இலக்கத்தை மட்டும் அனுமதித்து, மற்றவற்றை மறிக்கும்படி செய்தார். அந்த இலக்கம்தான் அந்தக் கணினியின் விலாசம். விலாசம் பொருந்தினால் உள்ளே விடும். பொருந்தாவிட்டால், நேற்றுவரை வந்துபோன ஆள்தானே என்று பாராமல் வாசலில் மறிக்கும். மஹய்யாவையில் வாடகைக்கு இருக்கும் எங்களுக்கு இது விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை, ஐயா. அடையாள அட்டையில் ஒரு விலாசமும் பொலிஸ் பதிவில் இன்னொரு விலாசமும் இருந்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் சின்ன மகளுக்கும் தெரியும்.

அந்த இலக்கம் மாறாமல் இருக்கவேண்டுமானால், இலக்கங்களைப் பங்கிடும் சிறிய பெட்டியிலும் ஒரு மாற்றம் செய்யவேண்டும் என்று அவர் பொது முகாமையாளரிடம் அன்றைக்கே சொன்னார். இந்த நேரத்தில் அதிலெல்லாம் கை வைக்க வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று பதில் கிடைத்தது. முகாமையாளர் இதை மறுக்கவும் இல்லை.

3. பொசன் போயா பௌர்ணமி தினத்தன்று நிலைய வாசலில் ஊழியர்கள் சேர்ந்து தன்சல் என்னும் தானப் பந்தல் வைத்தார்கள். தெருவால் போனவர் வந்தவர் எல்லோருக்கும் வில்வம்பூ அவித்த பெலிமல் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். நானும் பிள்ளைகளும் போய்க் குடித்தோம். என் கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிளாஸ் கழுவினார். தன்சலில் எந்தக் குறையும் இல்லை என்பதை இங்கே அழுத்தி எழுதுகிறேன். அது நல்ல காரியம். தாகத்தோடு வந்த எவரையும் அவர்கள் பெயர் கேட்கவில்லை.

விளக்கு மாலைக்கும் ஒலிபெருக்கிக்கும் உள்ளேயிருந்து வயர் இழுத்தார்கள். பிளக் போதவில்லை. யாரோ ஒருவர், ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், இலக்கம் பங்கிடும் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு விளக்கு மாலையைக் கொளுவினார். எல்லாம் முடிந்த பிறகு திரும்பவும் பெட்டியைக் கொளுவி வைத்தார்கள். மறுநாள் காலையில் கணினிகளை ஒவ்வொன்றாகப் போட்டபோது, பெட்டி எல்லாவற்றுக்கும் புதிதாக இலக்கம் பங்கிட்டது. முதலில் எழும்பிய கணினிக்கு முதல் இலக்கம். நிர்வாகப் பக்கம் இருந்த கணினிக்கு வேறு இலக்கம் விழுந்துவிட்டது. சேர்வருக்கோ பழைய இலக்கம் மட்டும்தான் தெரியும். நடந்தது இவ்வளவுதான், ஐயா. இதற்கு மேல் ஒரு சதியும் இல்லை.

4. அன்று காலை நிர்வாகப் பக்கத்தைத் திறந்தவர்களுக்கு, சேர்வருடன் இணைக்க முடியவில்லை, இந்த விலாசத்துக்கு அனுமதி இல்லை என்ற வாசகம் மட்டும் வந்தது. என் கணவர் ஒழுங்காகத்தான் தேடிக்கொண்டு போனார். சேர்வர் ஓடுகிறதா என்று பார்த்தார், ஓடியது. கடவுச்சொல் சரியா என்று பார்த்தார், சரியாக இருந்தது. வயரைப் பார்க்கக் குனிந்தபோது முகாமையாளர் பின்னால் வந்து நின்று, அனுமதி இல்லை என்று போட்டது யார் என்று கேட்டிருக்கிறார். என் கணவர் உண்மையைச் சொன்னார்: "நான்தான் சேர், சுற்றறிக்கைப்படி போட்டனான். கொஞ்சம் பொறுங்கோ, கண்டுபிடிச்சிடுவன்."

'நான்தான்' என்ற அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. சந்தேகமானது எதைக் கண்டாலும் அறிவிக்கும்படி அந்தக் கிழமை எல்லா நிறுவனங்களுக்கும் சொல்லியிருந்தார்களாம். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர், நிலையத்தின் தரவைப் பூட்டிவிட்டு, நான்தான் பூட்டினேன் என்கிறார் என்று தொலைபேசியில் சொல்லப்பட்டது. சிறிய விசாரணை, உடனே விட்டுவிடுவோம் என்று சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சல் அவிழ்க்காமலேயே அவரது மேசையில் கிடந்தது. அதைத் திகனக் கிளைப் பொறுப்பாளர் தாஸிம்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். நடந்ததை வாசலில் நின்றபடியே சொன்னார்.

5. இப்போது, என் கணவருக்கு எதிராக இருக்கும் விடயத்தை நானே சொல்கிறேன். பழுதுக்குக் காரணம் என்ன என்று பொலிஸ் நிலையத்தில் கேட்டபோது, தெரியாது என்று அவர் வாக்குமூலம் கொடுத்தார். அது உண்மை அல்ல. அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது, பரிசோதனை நிலைய வாசலைத் தாண்டும்போதே, தன்சலுக்கு வயர் இழுத்திருந்த இடம் அவர் கண்ணில் பட்டுவிட்டது, காரணமும் விளங்கிவிட்டது. பிறகு ஏன் சொல்லவில்லை என்று கம்பிக்கு வெளியில் நின்று நான் சண்டை பிடித்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்:

"தன்சலாலதான் வந்தது எண்டு நான் எப்பிடியப்பா சொல்லுறது? ஒரு தமிழன் பொலிசில இருந்துகொண்டு பொசன் தன்சலைக் குறை சொன்னவன் எண்டு கதை வெளியில போனால், பிறகு நீரும் பிள்ளையளும் அந்த றோட்டால நடக்கேலுமே?"

வேறு யாராக இருந்தாலும், "லைட் போட இந்தப் பிளக்தானா கிடைத்தது?" என்று கேலி பண்ணியிருப்பார்கள். எல்லோரும் சிரித்திருப்பார்கள். பெட்டியைச் சரிசெய்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். என் கணவர் மட்டும் அந்தச் சின்ன விடயத்தை விழுங்கிக்கொண்டு, தெரியாது என்றார். எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்தார், பாவம். அவர் அதில் போய் மாட்டிக்கொண்டார்.

6. இதற்குப் பின் நடந்ததுதான் என்னை நிலைகுலையச் செய்தது. நிர்வாகப் பக்கம் திறக்காததால் இரண்டு கிளைகளும் முடங்கின. நோயாளர்கள் முடிவு கேட்டு வந்து சத்தம் போட்டார்கள். வேறு யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு பகல் நான் சாப்பாட்டுடன் பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தபோது, பொது முகாமையாளரே காரில் வந்து இறங்கினார். என்னுடன் பக்கத்து வீட்டுச் சுந்தரி இருந்தாள். எனக்குச் சிங்களம் அரைகுறை. சுந்தரி மஹய்யாவையிலேயே பிறந்து வளர்ந்தவள், நன்றாகப் பேசுவாள். அதனால் எப்போதும் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

முகாமையாளர், கணினித் திரையில் வந்த வாசகத்தை அச்சடித்துக் கொண்டுவந்து, பொறுப்பதிகாரியிடம் அனுமதி கேட்டு, கம்பியினூடாக என் கணவரிடம் நீட்டினார். யாரைக் குற்றவாளி என்று பிடித்துக் கொடுத்தாரோ அவரிடமே வந்து, இதை எப்படித் திருத்துவது என்று கேட்டார், ஐயா! நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? கோபிக்கவில்லை. பேரம் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். சேர்வருக்கு முன்னால் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். தாஸிம் அங்கே இருந்தார். முகாமையாளரின் கைத்தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்துப் பிடித்தார்கள்.

மறு கணினிக்குப் போய் அதன் இப்போதைய இலக்கத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு சேர்வரின் அனுமதிப் பட்டியலில் பழைய இலக்கத்துக்குப் பக்கத்தில் இந்தப் புது இலக்கத்தையும் சேர்க்கச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். தாஸிம் பிழையாக அடித்தபோது, "பரவாயில்லை, திரும்ப அடியுங்கோ, அவசரமில்லை" என்றார். அவசரமில்லையாம், சிறைக்கூண்டுக்குள் இருந்துகொண்டு! கொஞ்ச நேரத்தில் தாஸிமின் சத்தம் கேட்டது: "சேர், வந்திட்டு! எல்லாம் வந்திட்டு!"

முகாமையாளர் சிரித்தார். காவலில் நின்ற பொலிஸ்காரரும் சிரித்தார். என் கணவர் மட்டும் சிரிக்காமல், இது தற்காலிகம்தான், பெட்டி அணைந்தால் திரும்பவும் இதே பழுது வரும், நிரந்தரமாகச் செய்யத் தான் மேசைக்கு வரவேண்டும் என்றார். வந்த பிறகு செய்யுங்கள் என்று முகாமையாளர் சொன்னார். அந்தப் பதிலைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அவரை அன்றே விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

7. முகாமையாளரின் கார் போன பின்னர் பொறுப்பதிகாரி எழுதத் தொடங்கினார். எழுதி முடித்துவிட்டு எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். சுந்தரியின் முகம் கறுத்துப்போனது. என்ன, என்ன என்று அவளைப் பிடித்து உலுப்பினேன்.

"அக்கா, மொதல்ல தெரியாதுன்னு சொன்னவரு இப்ப போன்லயே தொறந்துட்டாரு. தொறக்கத் தெரிஞ்சவருதான் பூட்டியிருக்கணும்னு சொல்றாரு. அதத்தான் எழுதியிருக்காராம், சாட்சியோட."

கடவுளே! காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த டொக்டரைப் பிடித்து, காய்ச்சலைக் கொடுத்தவன் நீதான் என்று சொல்வார்களா? எங்கள் ஊரில் சொல்லிவிட்டார்கள்.

8. நான் முகாமையாளரிடம் நேரில் போனேன். பிளக்கைக் கழற்றியது பற்றிப் பொலிசில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். கதிரை தந்தார், மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் கணவர் கெட்டிக்காரர், அதுதான் பிரச்சினையாகிவிட்டது என்றார். தன்சலை முன்னின்று நடத்தியவர்களில் தானும் ஒருவர், அதனால்தான் பழுது வந்தது என்று தன் வாயால் சொல்ல முடியாது என்றார். அவரைக் குறை சொல்லி எழுத எனக்கு விருப்பம் இல்லை, அவருக்கும் பயம். ஆனால் அவர் தன் பயத்தோடு மாலையில் வீட்டுக்குப் போகிறார். என் கணவர் போவதில்லை.

9. இம்மாதம் முதலாம் திகதி நகரில் மின்சாரம் தடைப்பட்டது. திரும்பி வந்தபோது நிர்வாகப் பக்கம் திறக்கவில்லை. அதே வாசகம்: இந்த விலாசத்துக்கு அனுமதி இல்லை. தாஸிம் தொலைபேசியில் சொன்னபோது நான் பாடசாலை என்றும் பாராமல் கைதட்டிவிட்டேன். என் கணவர் உள்ளே இருக்கிறார், பழுது தானாக வந்திருக்கிறது. இனி யாரும் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாதே! அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சுந்தரியையும் இழுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

பொறுப்பதிகாரி முழுவதையும் கேட்டார். பிறகு சுந்தரியிடம் இரண்டு வசனம் பேசினார். அவள் மொழிபெயர்க்கவில்லை. என் கையைப் பிடித்து, "வாங்கக்கா, போயிருவோம்" என்றாள். தெருவுக்கு வந்து, பஸ் தரிப்பிடத்தையும் தாண்டிய பிறகுதான் சொன்னாள். அப்படியானால் சண்முகநாதனுக்கு வெளியில் ஓர் ஆள் இருக்கவேண்டும், அந்த ஆள் யார் என்று பார்க்கவேண்டும் என்றாராம். அவரைப் பார்க்க யார் யார் வருகிறார்கள் என்றும் கேட்டாராம். அடுத்த வாரம் மேலதிக விசாரணைக்காக அவரைக் கொழும்புக்கு அனுப்பப்போவதாகவும் சொல்லியிருக்கிறார்.

அவரைப் பார்க்கப் போகிறவர்கள் நானும் சுந்தரியும் மட்டுமே. கொழும்புக்குக் கொண்டுபோகப்பட்டவர்களை எங்கே தேடுவது என்று தெரியாமல் இந்த மஹய்யாவையிலேயே எத்தனை பெண்கள் அலைகிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல.

10. வீடு திரும்பிய சற்று நேரத்தில் தாஸிம் மறுபடியும் அழைத்தார். "டீச்சர், நாவலப்பிட்டியில ஒரு தாய்க்கு நாளைக்கு ஒபரேஷன். ரத்த ரிசல்ட் எடுக்க ஏலாம இருக்கிது. சேர் அண்டைக்குச் சொன்னதில பாதிதான் எனக்கு ஞாபகம். ஒங்களுக்கு ஞாபகமா?" என்று கேட்டார்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கம்பிக்குப் பக்கத்தில் நின்று என் கணவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஓர் எழுத்துக்கூட மறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. சற்றுமுன்தானே அதைக் கேட்டுவிட்டு வந்தேன்! ஒரு கணம் தொலைபேசியை வைத்துவிட நினைத்தேன், ஐயா. அந்தத் தாய் யாரென்று எனக்குத் தெரியாது. தமிழா, சிங்களமா, முஸ்லிமா என்றும் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. புது இலக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பக்கம் திறந்தது. ரிசல்ட் நாவலப்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே, வெளியில் இருக்கும் அந்த ஆள் யார் என்று பொறுப்பதிகாரி தேடி அலையவேண்டியதில்லை. அந்த ஆள் நான்தான். இதை வேறு யார் மூலமும் தாங்கள் அறியும் முன்னர் நானே என் கையெழுத்தில் அறிவிக்கிறேன். திறக்கத் தெரிந்தவர் எல்லோரும் பூட்டியவர்கள் என்றால், மனையியல் ஆசிரியையாகிய நானும் பூட்டியவள். கேட்டு அடித்த தாஸிமும் பூட்டியவர். கேட்டுக்கொண்டு நின்ற சுந்தரியும் பூட்டியவள். தொலைபேசியைப் பிடித்த முகாமையாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

11. ஆகவே தங்களிடம் நான் கேட்பது:

என் கணவரைக் கொழும்புக்கு அனுப்புவதைத் தாங்கள் உடனே தடுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் முதல் இதுவே. மற்றவை பிந்தினாலும் பொறுத்துக்கொள்வேன், இது பிந்தக்கூடாது.

தங்கள் குழுவில் ஒருவர் அந்தப் பரிசோதனை நிலையத்துக்கு நேரில் வரவேண்டும். பெரிய நிபுணர் எவரும் தேவையில்லை. என் கணவர் கூண்டுக்குள் இருக்கட்டும். நானும் சுந்தரியும் தங்கள் அலுவலகத்தில், தங்கள் கண்முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். வருபவர் கணினிகளை அணைத்து, அந்தச் சிறிய பெட்டியின் பிளக்கைக் கழற்றித் திரும்பவும் கொளுவட்டும். பிறகு கணினிகளை ஒழுங்கு மாற்றிப் போட்டு, நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்க்கட்டும். இலக்கம் மாறியிருந்தால் பக்கம் திறக்காது. யாரும் பூட்டாமலே பூட்டுவதைத் தங்கள் ஆளே கண்ணால் காண்பார்.

தன்சல் வைத்த எவரையும் இதற்காக விசாரணைக்கு இழுக்கவேண்டாம். அவர்கள் செய்தது புண்ணியம். அதைக் குற்றமாக்கிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் என் கணவர் வாயைத் திறக்காமல் இருந்தார்.

தாஸிமையும் சுந்தரியையும் விட்டுவிடவேண்டும். ஒருவர் வேலை செய்தார், மற்றவள் எனக்காகச் சிங்களம் பேசினாள். அவ்வளவே.

என்னை விசாரிக்க வேண்டுமாயின், பாடசாலை விட்ட பின் அழையுங்கள்; நானே நடந்து வருவேன். வீட்டுக்கு ஜீப் அனுப்பவேண்டாம் என்று தங்களை மன்றாடிக் கேட்கிறேன். அப்பா எங்கே என்று கேட்கும் பிள்ளைகளிடம், கொம்பியூட்டர் திருத்தப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்யும் அல்ல. என்னையும் கொண்டுபோனால், அம்மா எங்கே என்று அவர்கள் கேட்கும்போது பதில் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
மங்களேஸ்வரி சண்முகநாதன்

திகதி: 2008.07.03
இடம்: மஹய்யாவ, கண்டி